பெரி சுந்தரம் விட்டுச் சென்ற வழக்கு

(திம்புள்ளையில் பெரி சுந்தரம் அவர்களை நினைவுகூரக் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் முழு வடிவம்)

 

மழையும் பனியும் ஒன்றோடொன்று போட்டியிடும் இந்த மாலை வேளையில், ஹட்டனிலிருந்து சட்டத்தரணிகள் வந்திருக்கிறீர்கள். தலவாக்கலையிலிருந்தும் லிந்துலையிலிருந்தும் ஆசிரியர்கள் வந்திருக்கிறீர்கள். நானுஓயாவின் சரிவுகளில் கோவாவும் கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் விவசாயப் பெருமக்கள், கால்களில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். கறுப்புக் கோட்டும் மண்வெட்டியும் ஒரே கூடத்தில் அமர்வது நல்ல அறிகுறி. இன்று நாம் நினைக்க வந்திருக்கும் மனிதரின் வாழ்வும் இவ்விரண்டையும் இணைக்க முயன்ற வாழ்வேயாகும்.

பெரி சுந்தரம் என்ற பெயரை நம் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். "யார் அவர்?" என்று கேட்பார்கள். இலங்கையின் முதலாவது மந்திரி சபையில் இருந்த ஒரே தமிழர் அவர் என்று சொன்னால் வியப்பார்கள். அவர் யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ சென்றவரல்லர், ஹட்டன் தொகுதியிலிருந்து சென்றவர் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நம்முடைய வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவில்லை. ஆகவே குறை பிள்ளைகளிடத்தில் இல்லை.

புகழ்மாலை சூட்டுவதற்காக மட்டும் நாம் இங்கு வரவில்லை. பெரி சுந்தரம் ஒரு வழக்கறிஞர். வழக்கறிஞரை நினைவுகூர்வதற்குச் சிறந்த வழி, அவர் நடத்திய வழக்கை எடுத்துப் பார்ப்பதுதான். எதில் வென்றார், எதில் தோற்றார், எந்த வழக்கு இன்னும் தீர்ப்பின்றிக் கிடக்கிறது என்று பார்ப்போம்.

கறுப்புக் கோட்டு வந்த வழி

1890ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அந்தக் காலத்து மலைநாட்டை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். கோப்பிச் செடியை நோய் தின்று தீர்த்துவிட்டது. கோப்பி நின்ற மலைகளில் தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. புகையிரதம் ஹட்டனைத் தாண்டி நானுஓயா வரை வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கடல் கடந்து வந்த மக்கள், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராக்களில் குடும்பம் குடும்பமாக அடைபட்டுக் கிடந்தனர். அந்த லயத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. விடியுமுன் பிரட்டுக்களத்துத் தப்புச் சத்தமே அதற்குப் பள்ளி மணி.

அத்தகைய காலத்தில், இந்திய வம்சாவளித் தமிழ்க் குடும்பத்து இளைஞர் ஒருவர் கண்டி திரித்துவக் கல்லூரியில் கற்று, கடல் கடந்து கேம்பிரிட்ஜில் பயின்று, பாரிஸ்டராகத் திரும்பினார் என்றால், அது எளிதில் எவருக்கும் வாய்த்த வாழ்வன்று. நாம் உண்மையையே பேசுவோம். வாய்ப்புப் பெற்ற ஒருவர் அவர். அவருடைய வயதொத்த ஆயிரமாயிரம் பேர் கொழுந்துக் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் தவிர வேறொன்றும் கண்டதில்லை.

அந்நாளில் அப்புக்காத்து என்றால் ஊரே எழுந்து நிற்கும். பிரக்கிராசியின் வீட்டுத் திண்ணையில் காணி வழக்குக்காரர் காலை முதலே காத்திருப்பர். பாரிஸ்டர் பட்டத்தோடு வந்தவர், காணியுள்ளவனுக்காகப் பேசிக் காணி வாங்கி, தோட்டமுள்ளவனுக்காகப் பேசித் தோட்டம் வாங்கி, சுகமாக வாழ்ந்திருக்கலாம். அப்படி வாழ்ந்தவர் பலர். கூலி வாங்கும் மனிதனுக்காக வாதாடினால் கட்டணம் எங்கிருந்து வரும்? பெரி சுந்தரம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. அவர் கையிலெடுத்த முதற் பெரிய வழக்கில் கட்சிக்காரர் இலட்சக்கணக்கானோர். கட்டணமோ ஒரு சதமுமில்லை.

துண்டு

1919ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொழும்பில் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கம் தோன்றியது. தலைவர், சேர் பொன்னம்பலம் அருணாசலம். செயலாளர், பெரி சுந்தரம். சிவில் சேவையில் உயர்ந்த பதவி வகித்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத் தமிழர் பெருமகனும், மலைநாட்டிலிருந்து எழுந்த இளம் பாரிஸ்டரும் கைகோத்தனர். வடக்கும் மலையும் ஒன்றுக்கொன்று அந்நியம் என்று பேசுவோர் இந்தக் கைகோப்பை மறந்துவிடக் கூடாது.

அந்தச் சங்கம் எதை எதிர்த்துப் போரிட்டது? துண்டை எதிர்த்து.

இளைஞர்கள் பலருக்குத் துண்டு என்றால் தோளில் போடும் துணி. எம் பாட்டனார் காலத்தில் அது மனிதனைக் கட்டிப்போட்ட காகிதம். அதன் வேலைப்பாட்டை விளக்குவோம். ஊரிலிருந்து ஆள் திரட்டி வரும் கங்காணி, வழிச்செலவு, சோறு, துணி, கைக்காசு என்று ஒவ்வொன்றையும் அந்த ஆளின் பேரில் கடனாக எழுதுவான். தோட்டத்தில் சம்பளம் பிடிபட்டுப் பிடிபட்டு, கடன் குறையாமல் வளரும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை ஒரு சீட்டுத் தருவார். இத்தனை ஆளும் இத்தனை ரூபாய் கட்டினால் விடுவிக்கப்படுவர் என்று அதில் எழுதியிருக்கும். அதுவே துண்டு. புதிய தோட்டம் பணத்தைக் கட்டும். பழைய கடன் அப்படியே புதிய தோட்டத்துக் கணக்கில் ஏறும். கங்காணிக்குத் தலைக்காசு கிடைக்கும். கடன்பட்ட மனிதன் மட்டும் அந்தப் பணத்தைக் கண்ணாலும் காணமாட்டான். சந்தையில் மாடு கைமாறுவது போல மனிதர் கைமாறினர்.

மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் பிடித்துக் கட்டுவார்கள். மனிதன் ஓடினால்? அதற்கும் சட்டம் இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், சொல்லாமல் வேலையை விட்டு நீங்குவதைக் குற்றம் என்றது. கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையிலான விவகாரம் உலகெங்கும் சிவில் வழக்கு. நம் மலையில் மட்டும் அது மறியற்சாலைக்குப் போகும் வழக்காக இருந்தது.

எம் பாட்டனார் எமக்குச் சொன்ன ஒன்று இன்றும் நெஞ்சில் நிற்கிறது. அவர் இளைஞராக ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கூட்டத்தோடு நடந்து சென்றபோது, கங்காணி தன் மடியில் ஒரு காகிதத்தை வைத்திருந்தாராம். "அதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று இவர் கேட்டாராம். "நீதான் எழுதியிருக்கிறாய்" என்று பதில் வந்ததாம். எழுத்தறியாத எம் பாட்டனாருக்கு அது பகடியாகவே பட்டது. பிறகுதான், அந்தக் காகிதத்தில் இருந்தது தம்முடைய விலை என்று அவருக்குத் தெரியவந்தது.

அருணாசலமும் பெரி சுந்தரமும் இந்தக் காகிதத்தை எதிர்த்து அரசாங்கத்துக்கு எழுதினர், பேசினர், விடாமல் வாதாடினர். கடலுக்கு அப்பால் இந்தியாவிலும் தொழிலாளரை வெளிநாடு அனுப்பும் முறைக்கு எதிர்ப்பு வலுத்திருந்தது. ஆள் வருவது நின்றுவிடுமோ என்று தோட்டக்காரர் அஞ்சினர். எல்லாம் சேர்ந்து, 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. துண்டு முறை ஒழிந்தது. வேலையை விட்டு நீங்கியவனைச் சிறையிலிடும் வழக்கமும் வீழ்ந்தது.

கடனும் கங்காணியும் மறுநாளே மறைந்துவிடவில்லை. ஆனால் மனிதனுக்கு விலை எழுதிய காகிதம் சட்டத்தின் முன் செல்லாக் காகிதமாயிற்று. இந்த வெற்றி ஒன்றுக்காகவே பெரி சுந்தரத்துக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஹட்டனிலிருந்து மந்திரி சபைக்கு

பத்தாண்டுகள் கடந்தன. டொனமூர் ஆணைக்குழு வந்தது. 1931ஆம் ஆண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை தந்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. பல நாடுகள் தம் பெண்களுக்கு வாக்களிக்காத காலத்தில் இந்தச் சிறிய தீவு அதைச் செய்தது. ஆனால் நம் மக்களுக்கு அந்தக் கதவு பாதிதான் திறந்தது. ஐந்தாண்டு வாசத்தையும் நிலையாகக் குடியிருக்கும் எண்ணத்தையும் காட்ட வேண்டும், அல்லது கல்வியோ சொத்தோ இருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் சூழ்ந்தன. அவற்றைக் கடந்தும் ஏறத்தாழ ஓர் இலட்சம் இந்திய வம்சாவளியினர் 1931இல் வாக்காளராயினர்.

அந்த வாக்கின் வலிமை உடனே தெரிந்தது. ஹட்டன் தொகுதியில் பெரி சுந்தரம் போட்டியின்றித் தெரிவானார். தலவாக்கலைத் தொகுதியிலும் நம்மவரான எஸ்.பி. வைத்திலிங்கம் தெரிவானார்.

அந்த அரசாங்க சபையில் மந்திரியாவது எப்படி என்பதை விவசாயத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவர். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவு செய்யும். அந்தத் தலைவரே மந்திரி. தொழில், கைத்தொழில், வர்த்தகக் குழு பெரி சுந்தரத்தைத் தெரிவு செய்தது. சேர் டி.பி. ஜயதிலக்க, டி.எஸ். சேனநாயக்க, சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர முதலியோர் அமர்ந்த சபையில் அவரும் அமர்ந்தார். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்காரத்தால் குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் அப்போது வெறுமையாகக் கிடந்தன. ஏழு மந்திரிகளுள் தமிழர் ஒருவரே. அந்த ஒருவர் மலைநாட்டுத் தமிழர்.

துண்டு ஒழிந்து பத்தே ஆண்டுகளில், துண்டில் எழுதப்பட்டவர்களின் வாக்கால் சென்ற ஒருவர் தொழில் மந்திரியானார். இது பெருமைதான். ஆனால் பெருமையோடு நிறுத்திவிட்டால் நாம் வரலாறு படித்தவர்களாக மாட்டோம்.

ஐந்தாண்டுக் கணக்கு

மந்திரியாக அவர் என்ன செய்தார்? இரண்டு சட்டங்களை இங்கே எடுத்து வைக்கிறோம்.

ஒன்று, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுச் சட்டம். வேலை செய்யும்போது கை போனாலும் கால் போனாலும், முன்பெல்லாம் அது அவனவன் தலைவிதி. முதலாளி மனமிரங்கிக் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. இந்தச் சட்டம் வந்தபின், வேலையில் நேர்ந்த காயத்துக்கு ஈடு செய்வது வேலை வாங்கியவனின் கடமையாயிற்று. தர்மமாகக் கிடைத்தது உரிமையாக மாறியது.

மற்றொன்று, 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கச் சட்டம். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். தொழிற்பிணக்கில் சங்கம் செய்த செயலுக்காக அதனை நீதிமன்றத்துக்கு இழுத்து நட்டஈடு கேட்டு நசுக்க முடியாது. சங்கத்தின் பணத்துக்குக் கணக்கு வேண்டும், கணக்குக்குப் பரிசோதனை வேண்டும். இன்று மலைநாட்டில் எத்தனையோ சங்கங்கள், எத்தனையோ கொடிகள், எத்தனையோ தலைவர்கள். அத்தனை பேருக்கும் காலூன்ற இடம் தந்த சட்டம் அவருடைய மந்திரிப் பதவிக் காலத்தில் வந்ததே.

இவை வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தையும் புரட்டுவோம். கணக்கில் ஒரு பக்கத்தை மறைப்பவன் நல்ல கணக்கப்பிள்ளை அல்லன்.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ், 1929இல் மலைநாட்டுத் தோட்டத்து ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று வகுக்கப்பட்டது. பின்னர் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. இலண்டனில் தேயிலை விலை சரிந்தது. தோட்டக்காரர் கூலியை வெட்டுவதற்குக் கத்தி தீட்டினர். வெட்டியும் விட்டனர். ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து கப்பலேறித் திரும்பினர். பெரி சுந்தரம் தொழில் மந்திரியாயிருந்த காலத்திலேதான் இது நடந்தது.

"நம்மவர் மந்திரியாயிருந்தும் நம் கூலி குறைந்ததே!" என்று அன்று லயத்து மக்கள் கேட்டிருப்பார்கள். கேட்டது நியாயம். அந்தக் கேள்வியை மேடை மேடையாக எழுப்பியவர் கோ. நடேசையர். அவர் வழக்கறிஞர் அல்லர், பத்திரிகையாளர். 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கி, கூலி வெட்டை எதிர்த்து முழங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாட்டுக் கட்டிப் பாடித் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹட்டன் தொகுதி நடேசையரைத் தெரிவு செய்தது.

இதனைப் பெரி சுந்தரத்தின் தோல்வி என்று சொல்லிவிட்டுப் போகலாமா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. மந்திரி என்ற பெயர் இருந்ததேயன்றி அந்தப் பதவிக்கு முழு அதிகாரம் இருக்கவில்லை. நிதியும் நீதியும் வெள்ளை அதிகாரிகளின் கையில் இருந்தன. குழுவில் பெரும்பான்மை வேண்டும், சபையில் பெரும்பான்மை வேண்டும், அதற்கு மேல் தேசாதிபதி வேண்டும். சட்டப் புத்தகத்தைத் திறந்து ஒரு வரியைச் சேர்க்க அவரால் முடிந்தது. பிரட்டுக்களத்தில் அந்த வரியை நிறைவேற்ற வைக்கும் வலிமை அன்று தொழிலாளரிடம் இன்னும் திரளவில்லை. தோட்டமோ தனியார் நிலம். துரையின் அனுமதியின்றிச் சங்கத்தார் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு.

ஆகவே ஒருவர் சட்டம் செய்தார், மற்றொருவர் மக்களைத் திரட்டினார். அன்று இருவரும் எதிரெதிர் மேடையில் நின்றனர். இன்று பின்னோக்கிப் பார்க்கும் நமக்கு, ஒருவர் வேலி கட்டினார், மற்றவர் வேலிக்குக் காவல் வைத்தார் என்று தோன்றுகிறது. வேலியில்லாத காவலாளி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். காவலில்லாத வேலியைப் பன்றி பிரித்துவிடும். இதை விவசாயிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

வேலி பிரிந்த கதை

வேலி எப்படிப் பிரிந்தது என்று பாருங்கள்.

1936இல் அமைந்த இரண்டாவது மந்திரி சபையில் ஏழு பேரும் சிங்களவர். 1937இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது தோட்டத் தொழிலாளருக்கு அதில் வாக்கில்லை என்றாயிற்று. 1939இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரை நீக்கத் தொடங்கினர். அந்த ஆண்டு ஜூலையில் ஜவாஹர்லால் நேரு வந்தார். பிரிந்து கிடந்த அமைப்புகள் ஒன்றுபட்டு இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவாயிற்று. அதன் ஆரம்ப ஆண்டுகளில் தலைமைப் பொறுப்பைத் தாங்கியவர்களுள் பெரி சுந்தரமும் ஒருவர். 1940இல் அதன் தொழிற்சங்கம் எழுந்தது. 1935இல் அவர் காலத்தில் எழுதப்பட்ட சட்டத்துக்கு உயிர் கொடுக்க ஐந்தாண்டு கழித்தே மக்கள் திரண்டனர். அதே 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸார் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டான். சங்கம் அமைக்கும் உரிமை சட்டத்தில் மையால் எழுதப்பட்டது. மலையில் அது இரத்தத்தால் எழுதப்பட்டது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு என்று இந்த மலைகளெங்கும் நம் கொடி பறந்தது. பெரி சுந்தரம் செனட் சபையில் அமர்ந்தார். வழி திறந்துவிட்டது என்று மக்கள் எண்ணினர்.

எண்ணி ஓராண்டு கழிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நீ இங்கே பிறந்தாயா என்று மட்டும் அது கேட்கவில்லை. உன் தகப்பன் இங்கே பிறந்தானா, காட்டு பத்திரத்தை என்று கேட்டது. லயத்தில் பிறந்த தகப்பனின் பிறப்புக்கு எவன் பத்திரம் எழுதி வைத்தான்? 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜையல்லாதார் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு ஆசனம் பூச்சியமாயிற்று. சத்தியாக்கிரகம் இருந்தும் பயனில்லை. மறுபடி நம் மக்களின் வாக்கால் ஒருவர் நாடாளுமன்றம் செல்ல 1977 வரை காத்திருக்க நேர்ந்தது.

அநியாயத்தை எதிர்த்தவர் இல்லாமலில்லை. மற்றொரு வழக்கறிஞரான எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அவர்கள், மலையகத் தமிழருக்கு நேர்ந்த இந்தக் கொடுமையின் பேரிலேயே தம் கட்சித் தலைமையோடு முரண்பட்டுப் பிரிந்தார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கு அந்தப் பிரிவே வாயில். ஆயினும் சட்டம் நின்றது, மக்கள் வீழ்ந்தனர்.

1957ஆம் ஆண்டு பெரி சுந்தரம் கண்மூடினார். அவர் கண்மூடியபோது, 1931இல் அவரைச் சபைக்கு அனுப்பிய மக்களின் பெரும்பாலோர் கையில் வாக்கில்லை. மந்திரியாயிருந்த மனிதர் தம் மக்கள் நாடற்றவராகியதைக் கண்டு மறைந்தார். ஒரு வழக்கறிஞருக்கு இதைவிடக் கொடிய தீர்ப்பு உண்டோ?

1964இல் இரண்டு பிரதமர்கள் புதுடில்லியில் அமர்ந்து, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று கணக்கெழுதினர். எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். எம் பாட்டனார் அப்போது உயிரோடிருந்தார். "மறுபடியும் துண்டு எழுதுகிறார்கள்" என்றார். ஆளைக் கேளாமல் ஆளை எண்ணிக் கைமாற்றும் காகிதத்துக்கு அவருக்குத் தெரிந்த பெயர் அதுவே. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால்தான் எஞ்சியோரின் நாடற்ற நிலை சட்டப்படி தீர்ந்தது. 1948இல் ஒரே ஆண்டில் பறித்ததைத் திருப்பித் தர ஐம்பத்தைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள்.

உறுதி எங்கே?

தோழர்களே, பழங்கதை போதும் என்று யாரும் எழுந்து போக வேண்டாம். வழக்கு இன்னும் முடியவில்லை.

வாக்கு திரும்பக் கிடைத்தது. சங்கங்கள் உள்ளன. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. 2024இல் 1,350 ரூபாய் என்றாயிற்று. ஒவ்வொரு முறையும் எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை வழக்கு, எத்தனை வேலைநிறுத்தம் என்பதை நீங்கள் அறிவீர்கள். கூலி வழக்கு நடந்துகொண்டேயிருக்கும். அதைவிட ஆழமான வழக்கொன்று உண்டு. அது நிலத்தின் வழக்கு.

இந்தத் திம்புள்ளைப் பகுதிக்கு அதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. 1977 மே 11ஆம் நாள், இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டான். நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுக்க வந்ததைத் தடுத்து நின்ற தொழிலாளருள் அவன் ஒருவன். தன் பேரில் ஓர் அங்குலமும் இல்லாத நிலத்துக்காக உயிரைக் கொடுத்தான். அந்த நிலம் பிரிபடாமல் நின்றது. லெட்சுமணனுக்கு உறுதி இருந்ததா? இல்லை. உரிமை இருந்தது என்று அவன் நம்பினான்.

பின்னர் லயத்தைவிட்டு வெளியே, ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டம் வந்தது. நல்லது. ஆனால் ஏழு பேர்ச்சஸ் என்பது எவ்வளவு? ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். ஆக, ஏக்கரில் ஏறத்தாழ இருபத்து மூன்றில் ஒரு பங்கு. வீடு கட்டியபின் நாலு கோவாக் கன்று நட இடமிருந்தால் அதிர்ஷ்டம். அந்தச் சிறு துண்டு நிலத்துக்காவது சரியான உறுதி உண்டா?

சில காலத்துக்கு முன் ஓர் அம்மையார் எம்மிடம் வந்தார். வாழ்நாளெல்லாம் கொழுந்தெடுத்தவர். மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு தாளைப் பயபக்தியோடு விரித்தார். "ஐயா, எங்க காணி உறுதி. மகனுக்கு எழுதி வைக்கணும். பார்த்துச் சொல்லுங்க" என்றார். படித்துப் பார்த்தோம். அது உறுதியன்று. வீடு கையளிக்கப்பட்டது என்று கூறும் ஒரு சான்று. பதிவு இலக்கமில்லை, நில அளவைப் படமில்லை, எழுதிக் கொடுக்கும் உரிமையுமில்லை. "இதை மகனுக்கு எழுத முடியாது, தாயே" என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. கடைசியில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் தாளை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டார். "அப்ப இதுல என்னதான் ஐயா எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

எம் பாட்டனார் கேட்ட அதே கேள்வி. நூறாண்டுக்கு மேலாயிற்று. நம் மக்கள் கையில் இன்னும் ஒரு காகிதம், அதில் என்ன எழுதியிருக்கிறதென்று கேட்க இன்னும் ஓர் ஆளைத் தேடும் நிலை.

நமது கடன்

பெரி சுந்தரம் தனியொருவராகப் பட்டம் பெற்று வந்த காலம் வேறு. இன்று ஹட்டன் நீதிமன்றத்திலும் நுவரெலியா நீதிமன்றத்திலும் நம் பிள்ளைகள் கறுப்புக் கோட்டணிந்து நிற்கிறார்கள். லயத்திலிருந்து சட்டக் கல்லூரிக்குச் சென்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் ஒன்றைக் கேட்கிறோம். மாதத்தில் ஒரு நாளை எங்களுக்குத் தாருங்கள். தோட்டத்துக் கோயில் முன்றிலிலோ, பள்ளிக்கூட மண்டபத்திலோ அமர்ந்து, மக்கள் கொண்டுவரும் தாள்களைப் படித்துச் சொல்லுங்கள். எது உறுதி, எது வெறும் சான்று, எதைப் பதிவு செய்ய வேண்டும், எதற்காக விண்ணப்பிக்க வேண்டும் என்று விளக்குங்கள். துண்டை ஒழிக்க ஒரு பாரிஸ்டர் போதுமானதாக இருந்தது. உறுதியைப் பெற ஐம்பது சட்டத்தரணிகளாலும் முடியாதா?

ஆசிரியர்களிடம் கேட்கிறோம். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தையும், 1921ஆம் ஆண்டுச் சட்டத்தையும், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுங்கள். தன் பாட்டனுக்கு என்ன விலை எழுதப்பட்டது என்று அறிந்த பிள்ளை, தன் கையெழுத்தை எதிலும் கண்ணை மூடிக்கொண்டு போடாது.

விவசாயத் தோழர்களிடம் கேட்கிறோம். நீங்கள் குத்தகைக்கும் வாய்ச்சொல்லுக்கும் நிலம் பிடித்துப் பயிரிடுகிறீர்கள். ஒரு போகம் நன்றாக விளைந்தால் மறுபோகம் நிலம் கைமாறுகிறது. உங்கள் வழக்கும் லயத்து அம்மையாரின் வழக்கும் ஒன்றே. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் என்றது 1935ஆம் ஆண்டுச் சட்டம். ஏழு குடும்பம் சேர்ந்து ஒரே குரலில் உறுதி கேட்டுப் பாருங்கள். தனித்தனியே கேட்டபோது கிடைக்காத பதில் கிடைக்கும்.

தலைவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். ஒருவர் சட்டம் பேச, ஒருவர் சங்கம் பேச, ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்த காலத்தில்தான் நம் வேலி பிரிந்தது. மந்திரிப் பதவி நம்மவருக்குக் கிடைப்பது நல்லதே. ஆனால் மந்திரியிருந்தும் கூலி குறைந்தது, ஏழு உறுப்பினர் இருந்தும் குடியுரிமை போயிற்று என்ற பாடத்தை மறவாதீர்கள். பதவி வரும், போகும். மக்களின் கையில் வாக்கும், சங்கமும், உறுதியும் சேர்ந்திருந்தால் ஒன்றைப் பறிக்க வருபவனை மற்ற இரண்டும் தடுக்கும்.

அன்பர்களே! பெரி சுந்தரத்துக்குச் சிலை வைக்கலாம், வீதிக்குப் பெயரிடலாம். அவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர் தொடங்கிய வழக்கு ஒரு காகிதத்தை ஒழிப்பதற்கான வழக்கு. அது ஒழிந்தது. இன்னொரு காகிதத்தைப் பெறும் வழக்கு எஞ்சியிருக்கிறது. மஞ்சள் துணியில் சுற்றிய அந்தத் தாளை எடுத்துவிட்டு, அதே துணியில் உண்மையான உறுதியை வைத்து அந்த அம்மையாரின் கையில் கொடுக்கும் நாளே அவருக்கு நாம் எடுக்கும் நினைவு நாள்.

அந்த நாளுக்காக உழைப்போம்.